கைக்காசா, முதலீட்டாளர் காசா?

கோவை சரவணம்பட்டியில் மென்பொருள் நிறுவனம் தொடங்கினால் முன்னால் இருப்பது இரண்டு வழிகள். கைக்காசிலும் வாடிக்கையாளர் தரும் பணத்திலுமே வளர்வது ஒன்று. பங்கை விற்று முதலீடு வாங்குவது மற்றொன்று.

முதல் வழிக்கு கோவை.கோ என்ற மென்பொருள் நிறுவனம் உதாரணம். சரவணகுமார் 2011-இல் தொடங்கி, வெளி முதலீடு இல்லாமலே வளர்த்தார். 2025 தொடக்கத்தில் சுமார் 140 ஊழியர்களுக்கு சுமார் 14.5 கோடி ரூபாய் போனஸ் அறிவித்தார்கள். அதற்குப் பதில் பங்கு கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். பங்குச் சந்தையில் பட்டியலிடாத நிறுவனத்தின் பங்கு எப்போது காசாகும் என்று யாருக்கும் தெரியாது. போனஸ் வங்கிக் கணக்கில் ஏறிவிடும்.

2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் இரண்டாவது வழி. 2021-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது, பங்கு வைத்திருந்த நூற்றுக்கணக்கான ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். கைக்காசில் அந்த வேகம் வராது. ஆனால் 2024 நவம்பரில், காலாண்டுக் கணக்கு எதிர்பார்ப்பைத் தாண்டியிருந்தபோதே, சுமார் 660 பேரைக் குறைத்தார்கள். சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே!

நம் பக்கத்துப் பட்டறைக்காரர்களிடம் கேட்டால், “கடன்னா அடைச்சுப் போடலாமுங்க, பங்காளியை என்ன பண்றது?” என்பார்கள். மென்பொருளைப் பொறுத்தவரை எனக்கும் அதே கட்சிதான். மின்வாகனம் மாதிரி பொருள் என்றால் சரி, முதலீடு வாங்கலாம். பாகங்களுக்கான அச்சு, சோதனை, சான்றிதழ் என்று முதல் வண்டி விற்கும் முன்பே பணம் கரைந்துவிடும்.