9 ஆண்டு ஆவிக்குரிய பயிற்சிகள்: நிலைத்தவையும் நான் கைவிட்டவையும்

தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தில், தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணச் சொல்லும் பவுல் கையாண்ட கிரேக்கச் சொல் உடற்பயிற்சிக் களத்துக்கு உரியது. வேதவாசிப்பு, ஜெபம், உபவாசம், சுயபரிசோதனை ஆகியவற்றை 9 ஆண்டுகள் கைக்கொண்ட பிறகே அந்தச் சொல்லின் பொருத்தம் எனக்கு விளங்கியது.

ஸ்காட்லாந்து போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842இல் தம் சபையாருக்காக வகுத்த வாசிப்பு அட்டவணையோடு தொடங்கினேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அதிகாரங்கள் வீதம், ஓராண்டில் பழைய ஏற்பாட்டை ஒருமுறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் முடிக்கும் திட்டம் அது. திட்டத்தில் குறையில்லை, ஆனால் மூன்றாம் மாதத்தில் 11 நாட்கள் பின்தங்கியபோது, விடுபட்ட 44 அதிகாரங்களைக் கடன் அடைப்பதுபோல் ஒரு வாரத்தில் வாசித்துத் தள்ளினேன், அவற்றில் ஒரு வசனமும் என் ஜெபமாக மாறவில்லை. இரண்டாம் ஆண்டில் அதைக் கைவிட்டேன்.

நிலைத்தது சங்கீத ஜெபம். தேதியின் எண்ணோடு முப்பது முப்பதாகக் கூட்டினால் அன்றைக்குரிய 5 சங்கீதங்கள் கிடைக்கும். 28ஆம் தேதியென்றால் 28, 58, 88, 118, 148. முப்பது நாளில் 150 சங்கீதங்களும் முடிந்துவிடும். 176 வசனங்கள் கொண்ட 119ஆம் சங்கீதம் 29ஆம் தேதிக்குப் பெரும் பாரமாகிவிடுவதால், அதை 31ஆம் தேதிக்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன். இம்முறையின் சிறப்பு, என் மனநிலைக்கு ஏற்ற சங்கீதத்தை நானே தேர்ந்தெடுக்க முடியாது என்பதுதான். மகிழ்ச்சியான காலைகளிலும் 88ஆம் சங்கீதம் வந்து நிற்கும். ஆறுதலான ஒரு சொல்லும் இல்லாமலே முடிகிற புலம்பல் அது. முதல் சில ஆண்டுகள் அதை அவசரமாகக் கடந்துபோனேன். பின்பு என் தந்தை இறந்த வாரத்தில் சொந்தமாக ஒரு வார்த்தையும் எழும்பாதபோது, தேதியைப் பார்க்காமலே அந்தச் சங்கீதம் நாவில் வந்தது. ஜெபிக்க முடியாத நாளுக்கான ஜெபத்தை, ஜெபிக்க முடிந்த நாட்களில் அறியாமலே கற்றிருந்தேன்.

உபவாசத்தைப் பற்றி இவ்வளவு கனிவாக எழுத இயலவில்லை. தொடக்கக்காலச் சபையின் ஒழுங்குகளைக் கூறும் டிடாக்கே என்னும் நூல், உபவாசத்துக்குப் புதன், வெள்ளி ஆகிய கிழமைகளைக் குறிப்பிடுகிறது. நான் வெள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டேன். பசி வந்தால் ஜெபம் ஆழப்படும் என்று எதிர்பார்த்திருந்தேன், மதியத்துக்குள் வெளிப்பட்டதோ என் கோபம். உணவும் ஓய்வும் மூடிவைத்திருந்த சுபாவத்தை உபவாசம் எனக்குக் காட்டிக்கொடுத்தது. அதனாலேயே அதை விடவில்லை. நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் உபவாசத்தில் இறங்கவே கூடாது என்பதைச் சபைகள் இன்னும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அந்தக் கோபத்தோடு போராட உதவியது இரவுநேரச் சுயபரிசோதனை. இயேசு சபைத் துறவிகளின் சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் கற்பித்த முறையை ஒட்டி, முதலில் நன்றி சொல்லி, பின்பு அன்றைய நாளைத் தேவசமுகத்தில் காலையிலிருந்து திரும்பிப் பார்த்து, 4 வரிகளை ஒரு நோட்டில் எழுதுகிறேன். ஆறு மாதக் குறிப்புகளைச் சேர்த்து வாசித்தபோது, உடன் பணிபுரியும் ஒருவரிடம் நான் பேசிய கடுஞ்சொல் ஏழு இடங்களில் பதிவாகியிருந்தது. ஒவ்வொரு இரவும் தேவனிடம் மன்னிப்புக் கேட்டிருந்த நான், அவரிடம் ஒருமுறையும் கேட்கவில்லை. மறுநாள் போய்க் கேட்டேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு, தம் மகளுக்காக ஜெபிக்கும்படி என்னிடம் கேட்டார். அந்தப் பிள்ளையின் பெயர் இப்போது வெள்ளிக்கிழமை ஜெபக் குறிப்பில் முதலாவதாக இருக்கிறது.