கலிபோர்னியா செஃபிர்: 52 மணி நேர ரயிலில் எந்தப் பகலுக்குக் காசு கொடுக்கலாம்

அமெரிக்காவைக் குறுக்கே கடந்து பார்க்க நினைப்பவர்களுக்கு, அந்நாட்டுப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் நெடுந்தூர வண்டிகளில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் கலிபோர்னியா செஃபிர். சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பும். மூன்றாம் நாள் மாலை 4 மணிவாக்கில், சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் எமரிவில்லில் போய் நிற்கும். தூரம் 3,924 கிலோமீட்டர். வழியில் ஏழு மாநிலங்கள், மூன்று நேர மண்டலங்கள். கடிகாரத்தை இரண்டு முறை பின்னால் தள்ளுவதால், கணக்குப் பார்த்தால் வண்டியில் இருப்பது 52 மணி நேரம். மேற்கே போகும் வண்டிக்கு எண் 5, கிழக்கே வருவதற்கு 6. அட்டவணையில் இருப்பது எல்லாம் அந்தந்த ஊர் நேரம்.

இந்த 52 மணி நேரமும் ஒரே தரத்தில் இருக்காது. ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாத பகுதிகள் இரண்டு: டென்வரிலிருந்து கிராண்ட் ஜங்ஷன் தாண்டி யூட்டா எல்லை வரையிலான இரண்டாம் நாள் பகல், ரீனோவிலிருந்து கோல்ஃபாக்ஸ் வரையிலான மூன்றாம் நாள் காலை. முதல் நாள் மாலை பர்லிங்டனில் மிசிசிப்பி ஆற்றைக் கடப்பது நல்ல காட்சிதான், ஆனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அயோவாவில் சோள வயல்கள், நெப்ராஸ்கா முழுக்க இருட்டு. ஆகவே எந்தத் திசை, எந்த மாதம், எந்த வகுப்பு என்பதையெல்லாம் அந்த இரண்டு பகுதிகளும் வெளிச்சத்தில் கிடைக்கிற மாதிரி முடிவு செய்ய வேண்டும்.

திசையில் சந்தேகமே வேண்டாம், மேற்கே போகும் 5ஆம் எண் வண்டிதான். அது டென்வருக்குக் காலை 7 மணி சுமாருக்கு வருகிறது. நான்கு மணி நேரம் தாமதமானாலும் வண்டி ராக்கி மலையில் ஏறுவது பகலிலேயே நடக்கும். கிழக்கே வரும் வண்டி அதே மலையிலிருந்து டென்வருக்குள் இறங்குவது மாலையில். கொஞ்சம் தாமதமானால், குளிர்காலத்தில் தாமதமே ஆகாவிட்டாலும், மலையின் கடைசிப் பகுதி இருட்டில் போய்விடும்.

மாதம் என்று பார்த்தால் செப்டம்பர் கடைசி வாரம் நல்ல தேர்வு. கொலராடோவில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாக மாறியிருக்கும், கோடை விடுமுறைக் கூட்டமும் வடிந்திருக்கும். ஜூனில் பகல் நீளம், கிழக்கு யூட்டாவின் பாலைவனத்தையும் வெளிச்சத்தில் பார்க்கலாம். ஆனால் கடும் வெயில் நாட்களில் தண்டவாளம் விரிந்து நெளியும் அபாயம் உண்டு என்பதால் வேகத்தைக் குறைப்பார்கள். ஜனவரி, பிப்ரவரியில் கட்டணம் இறங்கும், பனியும் அழகு. ஆனால் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

டென்வரில் வண்டி கிளம்பிய அரை மணியிலேயே மலையேற்றம் தொடங்குகிறது. முதலில் வருவது 'பிக் டென்' என்ற பெரிய வளைவு. வண்டி தன் உடலையே மடித்துத் திரும்புவதால் முன்னால் போகும் எஞ்சின் உங்கள் ஜன்னலிலேயே தெரியும். வளைவின் ஓரத்தில் பழைய சரக்கு வேகன்கள் வரிசையாக நிற்பதைக் கவனியுங்கள். அவை ஓடுவதற்காக நிற்கவில்லை. மலையிலிருந்து இறங்கும் பேய்க்காற்று வண்டிகளைக் கவிழ்த்துவிடாமல் இருக்க, உள்ளே கனத்தை நிரப்பி, நிரந்தரமாக நிறுத்தி வைத்த காற்றுத் தடுப்புச் சுவர் அது. அதைத் தாண்டியதும் சுரங்கங்கள், ஒன்றல்ல இரண்டல்ல, 25க்கும் மேல். ஒவ்வொரு சுரங்கத்திலிருந்து வெளியே வரும்போதும் கீழே சமவெளி இன்னும் ஆழத்துக்குப் போயிருக்கும்.

கடைசியில் வருவது மொஃபட் சுரங்கம். 1928இல் திறந்தது, நீளம் சுமார் 10 கிலோமீட்டர், உச்சியில் கடல்மட்டத்திலிருந்து 9,239 அடி. உள்ளே பத்து நிமிடத்துக்கும் குறையாமல் ஆகும். அந்த நேரத்தில் பெட்டிவிட்டுப் பெட்டி போகக் கூடாது என்று அறிவிப்பார்கள். கதவைத் திறந்தால் டீசல் புகை உள்ளே வந்துவிடும், அதுதான் காரணம். இந்த உயரத்தில் சிலருக்கு லேசாகத் தலை வலிக்கும். டென்வரில் ஏறியதிலிருந்தே தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தால் சமாளிக்கலாம். கொண்டுவந்த சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கும், மெதுவாகத் திறக்கவும்.

சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் நீரோட்டமே மாறிவிடுகிறது. கிழக்கே பெய்யும் மழை மிசிசிப்பிக்கும், மேற்கே பெய்வது கொலராடோ ஆற்றுக்கும் போகும். கிரான்பி அருகில் அந்த ஆறு தண்டவாளத்தோடு சேர்ந்துகொள்ளும். பிறகு யூட்டா எல்லை தாண்டும் வரை ஆறும் வண்டியும் சேர்ந்தே போகும். எந்தப் பக்கம் உட்காருவது என்று எல்லோரும் கேட்பார்கள். மேற்கே போகும்போது, சாலையே இல்லாத கோர் பள்ளத்தாக்கில் ஆறு இடப்பக்கம். மதியம் வரும் கிளென்வுட் பள்ளத்தாக்கில் வலப்பக்கம், எதிர்க்கரையில் ஐ-70 நெடுஞ்சாலை தூண்கள் மேல் தொங்குவதையும் பார்க்கலாம். மறுநாள் கலிபோர்னியாவில் ட்ரக்கி என்ற ஊர் தாண்டி மேலேறும்போது டானர் ஏரி வலப்பக்கம் கீழே. உச்சி கடந்து இறங்கும்போது அமெரிக்கன் ஆற்றுப் பள்ளம் இடப்பக்கம். ஆகவே ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் பலனில்லை. காட்சிப் பெட்டிக்குப் போய்விடுவதே சரி.

'சைட்சீயர் லவுஞ்ச்' என்று சொல்லும் அந்தப் பெட்டிதான் இந்த வண்டியின் உயிர். ஜன்னல் கண்ணாடி கூரை வரை வளைந்து போகும், இருக்கைகள் வெளியே பார்த்தபடி இருக்கும். எல்லா வகுப்பினருக்கும் இது பொது. டென்வரில் வண்டி நகர்ந்த பிறகு போனால் இடம் கிடைக்காது. டென்வர் வருவதற்கு முன்பே எழுந்து போய் உட்கார்ந்துவிட வேண்டும். முக்கியக் காட்சிகள் முடிந்ததும் எழுந்து மற்றவருக்கு இடம் விடுவது மரியாதை. படம் எடுப்பவர்கள் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, சுற்றிலும் ஒரு கறுப்புத் துணியைப் போட்டு மறைத்தால் பிரதிபலிப்பு வராது. ஜன்னல் வெளிப்புறம் அழுக்காக இருப்பது சாதாரணம். டென்வரில் நிற்கும்போது இறங்கி உங்கள் ஜன்னலை ஈரத்துணியால் துடைக்கலாம் என்று நினைக்காதீர்கள், இது இரண்டு தள வண்டி, இருக்கைகள் மேல்தளத்தில் இருப்பதால் கை எட்டாது.

இனி வகுப்பு. கோச் இருக்கை விமானத்தின் எகானமி மாதிரி இல்லை. கால் நீட்ட நிறைய இடம், நன்றாகச் சாயும், கால் தாங்கியும் உண்டு, பிளக் பாயிண்டும் உண்டு. ஆனால் போர்வை தரமாட்டார்கள், இரவில் ஏசி குளிர் நடுக்கும். கனமான போர்வையும் கழுத்துத் தலையணையும் கட்டாயம். கழிப்பறை கீழ்த்தளத்தில். கோச் பயணிகளுக்குக் குளியல் கிடையாது. ஒரு இரவுக்கு இது தாராளமாகப் போதும். இரண்டு இரவு தொடர்ந்து என்றால் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு முதுகு கேள்வி கேட்கும்.

ரூமெட் என்பது இருவருக்கான சின்ன அறை. சுமார் மூன்றரை அடிக்கு ஆறரை அடி. பகலில் எதிரெதிரே இரண்டு இருக்கை. இரவில் அவற்றை இழுத்துச் சேர்த்தால் கீழ்ப்படுக்கை, மேலிருந்து இறக்கினால் மேல்படுக்கை. மேல்படுக்கைக்கு ஜன்னல் கிடையாது, நிமிர்ந்து உட்காரவும் முடியாது. உயரமானவர்களும் மூட்டு வலி உள்ளவர்களும் கீழேதான் படுக்க வேண்டும். பெரிய சூட்கேஸ் உள்ளே நுழையவே நுழையாது. அதைக் கீழ்த்தள ரேக்கில் வைத்துவிட்டு, இரண்டு நாளுக்கு வேண்டியதை ஒரு சின்னப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் கழிப்பறை இல்லை. பொதுக் குளியலறை கீழ்த்தளத்தில். கீழ்த்தள ரூமெட்கள் (எண் 11 முதல் 14 வரை) ஆட்டம் குறைவு, நடமாட்டம் குறைவு, தூக்கத்துக்கு நல்லது. ஆனால் காட்சி மேல்தளத்தில்தான். பக்கத்துப் பெட்டிக்குப் போகும் வழியும் மேல்தளத்தில் மட்டுமே, ஒவ்வொரு முறையும் குறுகலான படியேற வேண்டும். சொந்தக் கழிப்பறையும் ஷவரும் வேண்டுமென்றால் 'பெட்ரூம்' எடுக்க வேண்டும், விலை எகிறும்.

கட்டணத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. ரூமெட்டின் கூடுதல் கட்டணம் அறைக்குத்தான், ஆளுக்கல்ல. இருவர் பகிர்ந்தால் அது பாதியாகிறது. அறை எடுத்தவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்தி. தனியாகப் போகும் ஒருவர் முழு வழிக்கும் ரூமெட் எடுப்பது காசுக்கு ஏற்றதல்ல. அவருக்குச் சரியான வழி, கோச்சில் வந்து டென்வரில் இறங்கி, ஒரு இரவு ஓட்டலில் தூங்கிவிட்டு மறுநாள் காலை அதே எண் வண்டியில் மறுபடி ஏறுவது. முதுகும் பிழைக்கும், மலையேற்றத்தைத் தெளிந்த கண்ணோடு பார்க்கவும் முடியும். விலை விமானம் போல ஏறியிறங்கும். கோடைக்கான அறைகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும்.

நாடு முழுக்கச் சுற்ற நினைப்பவர்களுக்கு யூஎஸ்ஏ ரயில் பாஸ் இருக்கிறது. 30 நாளில் 10 பயணப் பகுதிகள், கோச்சில் மட்டும், வழக்கமான விலை 499 டாலர். ஒரு வண்டியில் ஏறி இறங்கினால் ஒரு பகுதி கழியும். டென்வரில் இறங்கி ஏறினால் இரண்டு. பாஸ் கையில் இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். பாஸுக்கென ஒதுக்கிய இடம் தீர்ந்தால், வண்டியில் இருக்கை காலியாக இருந்தாலும் கிடைக்காது.

டைனிங் காரில் நான்கு பேர் மேஜை. இரண்டு பேராகப் போனால் முன்பின் தெரியாத இருவரோடு உட்கார வைப்பார்கள். இந்தப் பயணத்தின் நல்ல பேச்சுகள் அங்கேதான் நடக்கும். சைவத்துக்கு ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று இருக்கும், ஆனால் இரண்டாம் நாள் அதே ஒன்று திரும்ப வரும். கோச் பயணிகள் பெரும்பாலும் நம்புவது லவுஞ்சின் கீழ்த்தளத்தில் இருக்கும் கஃபேயை. பீட்சா, சாண்ட்விச், நூடுல்ஸ், காபி. ஊழியர் சாப்பிடப் போகும் நேரத்தில் அதுவும் மூடிவிடும். சொந்தச் சாப்பாட்டை இருக்கையில் வைத்துச் சாப்பிடலாம், சூடாக்கித் தர மாட்டார்கள். முதல் நாளுக்குச் சப்பாத்தி, அடுத்த நாட்களுக்கு வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா, அவல் என்று போனால் கவலையில்லை. வைஃபை கிடையாது. மலையிலும் பாலைவனத்திலும் செல்போன் சிக்னலும் இருக்காது.

பெரிய குறை தாமதம்தான். சிகாகோவிலிருந்து டென்வர் வரை தண்டவாளம் பிஎன்எஸ்எஃப் என்ற சரக்கு ரயில் நிறுவனத்துடையது, அதற்கு மேற்கே யூனியன் பசிபிக் என்ற இன்னொரு சரக்கு ரயில் நிறுவனத்துடையது. பயணிகள் வண்டிக்கு முன்னுரிமை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மலைப்பகுதியில் பெரும்பாலும் ஒற்றைப் பாதை. ஒதுங்கி நிற்கும் கிளைப் பாதையைவிட சரக்கு ரயில் நீளமாக இருந்தால் அதால் ஒதுங்க முடியாது, செஃபிர்தான் ஒதுங்கிக் காத்திருக்கும். இரண்டு மூன்று மணி நேரத் தாமதத்தை எதிர்பார்த்தே திட்டமிடுங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொலராடோ மலைப்பாதையில் பராமரிப்பு வேலை நடக்கும் நாட்களில் வண்டியைச் சில சமயம் வயோமிங் வழியாகத் திருப்பிவிடுவார்கள். 1983க்கு முன்பு ஆம்ட்ராக் ஓடிய வழி அது. அப்படி நடந்தால் மொஃபட்டும் இல்லை, கிளென்வுட்டும் இல்லை. பயணத்துக்கு முந்தைய வாரம் ஆம்ட்ராக்கின் சேவை அறிவிப்புகளைப் பார்த்து, வழிமாற்றம் இருந்தால் தேதியை மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வழியில் டென்வர், கிராண்ட் ஜங்ஷன், சால்ட் லேக் சிட்டி, ரீனோ போன்ற ஊர்களில் இறங்கிக் காலாற நடக்கலாம். தாமதமாக வரும் நாளில் அந்த நிறுத்தங்களைத்தான் முதலில் சுருக்குவார்கள். நடத்துநர் சொன்ன நேரத்தை மட்டும் நம்புங்கள், பிளாட்பாரத்தை விட்டு வெளியே போகாதீர்கள்.

செஃபிர் சான் பிரான்சிஸ்கோவுக்குள் போகாது. எமரிவில்லிலிருந்து ஆம்ட்ராக் பேருந்து பாலத்தைக் கடந்து நகருக்குள் கொண்டுபோகும், டிக்கெட் எடுக்கும்போதே அதையும் சேர்த்துப் பதிவு செய்யலாம். கைப்பை மட்டும் இருப்பவர்கள் ஒரு நிறுத்தம் முன்பே ரிச்மண்டில் இறங்கினால், அதே நிலையத்திலிருந்து பார்ட் மெட்ரோ நகருக்கு நேராகப் போகிறது. திரும்பும் விமானத்தை அன்று இரவுக்குப் போடாதீர்கள், மறுநாள் மதியத்துக்கு மேல் போடுங்கள். ஒரே டிக்கெட்டில் எடுத்த இணைப்பு ரயில் தவறினால் ஆம்ட்ராக் மாற்று ஏற்பாடு செய்யும், தனியாக வாங்கிய விமான டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.