டிஜி யாத்ராவா, பழைய வரிசையா? நான் வரிசைப் பக்கம்

உள்நாட்டு விமானத்தில் போகிறவர்களுக்கு இப்போது பல ஊர்களில் வாசலிலேயே இரண்டு வழி. ஒன்று, வழக்கம்போல சிஐஎஸ்எஃப் பாதுகாப்புப் படை வீரரிடம் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் காட்டிவிட்டு உள்ளே போவது. இன்னொன்று டிஜி யாத்ரா. ஆப்பில் ஆதாரை இணைத்து, ஒரு செல்ஃபி எடுத்து, போர்டிங் பாஸை ஏற்றி வைத்துவிட்டால், வாசல் கேமரா நம் முகத்தைப் பார்த்ததும் கதவு திறக்கும். 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியது. 2024-இல் சென்னைக்கும் கோவைக்கும் வந்துவிட்டது.

வேகத்தில் டிஜி யாத்ராதான். காலை நெரிசலில் அந்தப் பக்கம் ஆட்கள் சரசரவென்று உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். ஆனால் உள்ளே போனதும் பையைத் தட்டில் வைப்பதும், கையைத் தூக்கிக்கொண்டு சோதனைக்கு நிற்பதும் எல்லாருக்கும் ஒன்றுதான். வாசலில் மிச்சம் பிடித்த நேரம் பெரும்பாலும் அங்கே கரைந்துவிடுகிறது. செலவு இரண்டிலும் இல்லை.

டிஜி யாத்ராவைக் கண்ணை மூடிக்கொண்டு திட்டவும் முடியாது. நம் விவரங்கள் நம் போனில்தான் இருக்கும், கிளம்பும் விமான நிலையத்துக்கு மட்டும் அந்தப் பயணத்துக்காகப் போகும், விமானம் கிளம்பி 24 மணி நேரத்துக்குள் அங்கிருந்து அழிக்கப்படும் என்கிறார்கள். எல்லார் முகத்தையும் ஒரே இடத்தில் குவித்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? அந்த 24 மணி நேரக் கணக்குதான் காரணம். முகத்தை மாற்ற முடியாது, ஹேக் ஆகும் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது. எனக்கு இடிப்பது வேறு. அழிக்கும் கால அளவைப் பாதுகாப்புத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும் என்று டிஜி யாத்ராவின் கொள்கை ஆவணமே சொல்கிறது. நடைமுறையில் உள்ள விதிகளின்படி பாதுகாப்பு அமைப்புகளுக்கும் அரசு அமைப்புகளுக்கும் பயணிகளின் தரவைக் கொடுக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. ஆக, 24 மணி நேரம் என்பது ஒரு செட்டிங். அதை யாராவது மாற்றினால் நமக்குத் தெரியவரப் போவதில்லை.

அதை மாற்ற என்ன தடை இருக்கிறது என்று பார்த்தால், பெரிதாக எதுவும் இல்லை. 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கை வைப்பதென்றால் ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும். டிஜி யாத்ராவுக்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் எதுவும் போடவில்லை. இருப்பது கொள்கை ஆவணம். நடத்துவது லாப நோக்கமற்ற ஒரு தனி நிறுவனம். அதில் விமான நிலைய ஆணையத்துக்கு 26 சதவீதப் பங்கு, மற்றது பெரிய விமான நிலையங்களை நடத்தும் நிறுவனங்களிடம். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றும் என்று பார்த்தால், அதன் 17-ஆவது பிரிவு நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்புக்கும் விலக்கு தர மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது.

2024 டிசம்பரில், வரி ஏய்ப்பவர்களைப் பிடிக்க டிஜி யாத்ரா தரவை வருமான வரித்துறை பயன்படுத்தப்போகிறது என்று செய்தி பரவியது. அப்படி எதுவும் இல்லை என்று துறை உடனே மறுத்தது. மறுப்பை நம்பலாம். நாளைக்கு ஒருவேளை கேட்டால், முடியாது என்று சொல்ல எந்தப் பிரிவைக் காட்டுவார்கள் என்பதுதான் என் கேள்வி.

விதி இருந்தும் படங்கள் வெளியே போனதற்கு அமெரிக்காவில் உதாரணம் இருக்கிறது. அங்கே சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் முக அடையாளச் சோதனைத் திட்டத்தில் வேலை பார்த்த ஒரு துணை ஒப்பந்ததாரர், அனுமதியில்லாமல் படங்களைத் தன் சர்வருக்கு நகல் எடுத்துக்கொண்டுபோக, 2019-இல் அது ஹேக் ஆனது. பயணிகளின் சுமார் 1,84,000 படங்கள். துறையின் விதிமுறையில் அதற்கு இடமே இல்லை, ஆனாலும் நடந்தது.

வரிசையில் நிற்கும்போது அந்த வீரர் என் அட்டையைப் பார்க்கிறார், என் முகத்தைப் பார்க்கிறார், டிக்கெட்டில் பெயரைச் சரிபார்க்கிறார், 'போங்க' என்கிறார். அடுத்த ஆள் வந்ததும் என்னை மறந்துவிடுவார். பின்னால் யார் வந்து கேட்டாலும் அவரிடம் எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை. விமான நிறுவனத்திடம் என் பெயர் இருக்கிறது, கூரையில் சிசிடிவி இருக்கிறது, அதெல்லாம் உண்மைதான். ஆதாரோடு சரிபார்த்த முகம் ஒன்றையும் கூடவே சேர்த்துத் தர எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

டிஜி யாத்ரா விருப்பம் இருந்தால் மட்டும் என்பதும் நடைமுறையில் கொஞ்சம் இளகித்தான் இருக்கிறது. ஒரு விமான நிலையத்தில் டேப்லட்டோடு நின்ற பெண் என் போர்டிங் பாஸை வாங்கி ஸ்கேன் செய்துவிட்டு, "சார், இங்க பாருங்க" என்றார். எதற்கு என்று கேட்டேன். "சீக்கிரம் போயிடலாம் சார்." வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் எதற்கு என்று கேட்கவில்லை, கேமராவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அடிக்கடி பறப்பவன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் தம்பி வாராவாரம் போய் வருகிறான், அவனுக்கு டிஜி யாத்ரா இல்லாமல் முடியாது. கைக்குழந்தையோடு தனியாகப் போகிறவர்களுக்கு எது வசதி என்பதில் எனக்கு அனுபவம் போதாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது; அங்கே குடியேற்றப் பிரிவில் எப்படியும் எல்லாம் கொடுத்தாக வேண்டும்.

அழிக்கும் காலத்தைச் சட்டத்தில் எழுதி, உண்மையிலேயே அழிக்கிறார்களா என்று வெளியாள் ஒருவர் தணிக்கை செய்து அறிக்கையைப் பொதுவில் வைத்தால், நானும் ஆப்பை இறக்கிக்கொள்வேன். அதுவரை அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதில் எனக்குச் சிரமமில்லை.