எட்டு வெள்ளி கார்டை நம்பி ஓடும் சர்வர்

போன வாரம் கோப்பிக்கடையில் ஆபீஸ் தம்பி ஒருவர் கேட்டார். "அண்ணே, பழைய சர்வர்ல என்விஎம்இ போட்டு ஓட்டுறீங்களாமே? என்கிட்டயும் அதே பெட்டிதான் இருக்கு. போடலாமா?" என்விஎம்இ என்பது சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்கில் அதிவேக வகை.

"தாராளமா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். ஆனால் முந்தின இரவு ஒரு மணி வரை அந்தப் பெட்டியின் முன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். "எழுதி அனுப்புறேன் தம்பி" என்று சொல்லித் தப்பித்தேன். அதுதான் இது.

பெட்டி 2013 வாக்கில் வந்த, நான்கு டிஸ்க் போடும் சின்ன சர்வர். குடும்பப் படங்களைச் சேர்த்து வைப்பதற்கு. இரண்டு கோர் செலரான், 16 ஜிபி மெமரி. எங்கள் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பாம் ஷெல்டரில், அதாவது குண்டுவீச்சின்போது பதுங்கும் அறையில், அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவே இருக்கிறது. அந்தச் சுவரில் துளை போட்டு வயர் இழுக்க அனுமதி இல்லை என்பதால், நெட்வொர்க் கேபிளுக்காக அந்த இரும்புக் கதவு எப்போதும் ஒரு விரற்கடை திறந்தே கிடக்கும்.

சர்வரை ஓட்டும் லினக்ஸ் சிஸ்டம் இருந்தது ஒரு 320 ஜிபி லேப்டாப் ஹார்டு டிஸ்கில். ஒன்பது வருடம் உழைத்த பிறகு 'டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. இருபது மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, தேக்காவில் காய்கறி வாங்கிய கையோடு சிம் லிம் ஸ்கொயர் கணினிக் கடைத்தொகுதிக்கு நடந்து போய், 500 ஜிபி என்விஎம்இ ஒன்றும் அதை மதர்போர்டின் பிசிஐஇ ஸ்லாட்டில் செருக ஓர் அடாப்டரும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து எழுபது வெள்ளிச் சொச்சம். மலிவாக முடிந்தது என்று அன்று நினைத்தேன்.

சிக்கல் இதுதான். பெட்டியைப் போட்டதும் முதலில் எழுந்து டிஸ்கைத் தேடுவது மதர்போர்டிலேயே இருக்கும் ஒரு மென்பொருள். இந்தப் பெட்டியில் அதன் புது வகையான யூஇஎஃப்ஐ கிடையாது, பழைய பயாஸ்தான். அதற்கு என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது. லினக்ஸுக்கு நன்றாகத் தெரியும். அதன் மையமான கெர்னலில் என்விஎம்இ டிரைவர் 2012லேயே, 3.3 பதிப்பில் வந்துவிட்டது. ஆனால் லினக்ஸ் எழுந்த பிறகுதானே அதற்குக் கண் தெரியும்? லினக்ஸை எழுப்பிவிட வேண்டிய க்ரப் என்ற சின்ன நிரலோ டிஸ்கைப் படிக்க பயாஸைத்தான் கேட்கிறது. பயாஸுக்குத் தெரியாத டிஸ்க் க்ரப்புக்கும் தெரியாது. அதனால் க்ரப்பை மட்டும் வேறு இடத்தில் வைத்தால் போதாது. கெர்னல் உட்பட, எழுவதற்கு வேண்டிய கோப்புகள் உள்ள பூட் பார்ட்டிஷன் முழுவதையும் பயாஸ் பார்க்கக்கூடிய ஒன்றில் வைத்தாக வேண்டும். நான் வைத்தது மதர்போர்டில் இருக்கும் மைக்ரோ எஸ்டி ஸ்லாட்டில், எட்டு வெள்ளிக் கார்டில்.

குளோன் செய்தது பெரிய கதை இல்லை. புது டிஸ்க் பழையதைவிடப் பெரியது, டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் இரண்டு டிஸ்கும் ஒரே யூயூஐடியோடு (அடையாள எண்) இருக்க, சிஸ்டம் கமுக்கமாகப் பழையதிலிருந்தே எழுந்தது. அது தெரியாமல் அரை மணி நேரம் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேன். பழையதைக் கழற்றினால் பாதி எழுந்து, பிஸிபாக்ஸ் என்ற அவசரக் கட்டளைத் திரையில் போய் நின்றது. என்றோ இடம் மிச்சம் பிடிக்க, அப்போதைய வன்பொருளுக்கு வேண்டிய மாட்யூல் (டிரைவர்) மட்டும் போதும் என்று, எழும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் அமைத்திருந்தேன். என்விஎம்இ மாட்யூல் அதில் எப்படி இருக்கும்? என் கஞ்சத்தனம்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அப்புறம் வந்த மாதங்கள் சுகம். நியாயமாகச் சொல்ல வேண்டும். படம் காப்பி செய்வதில் ஒரு நொடிகூடக் குறையவில்லை. படங்கள் இருப்பது பழைய பெரிய டிஸ்க்குகளில், வீட்டு நெட்வொர்க்கும் ஒரு கிகாபிட்தான், நொடிக்கு 110 எம்பியைத் தாண்டாது. மாறியது வேறொன்று. அம்மா டேப்லட்டில் குடும்பப் படங்களைத் தள்ளிக்கொண்டே போவார். முன்பெல்லாம் சாம்பல் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறும். அதற்குள் யார் படத்தைத் தேடினோம் என்பதே அம்மாவுக்கு மறந்துவிடும். ஹார்டு டிஸ்கின் ஊசி நொடிக்கு நூறு இடம் தாவினாலே பெரிது. அந்தக் கட்டங்களில் தெரியும் குட்டிப் படங்களும் டேட்டாபேஸும் புது டிஸ்குக்கு வந்ததும் விரல் வைத்த இடத்தில் படம் நிற்கிறது. "இப்பதான் நல்ல போன் வாங்கிக் குடுத்திருக்க" என்றார். டேப்லட் அதே டேப்லட்தான். நான் திருத்தவில்லை.

'டிக் டிக்'கும் போயிற்று.

போன வாரம் வாட்டர் ஹீட்டர் மெயினை ட்ரிப் ஆக்கியது. கரண்ட் வந்தது, சர்வர் வரவில்லை. கார்டு செத்திருந்தது. அன்று சாகவில்லை என்பதுதான் எரிச்சல். பிறகு லாக்கைப் பார்த்தால் 19 நாட்களாக ஒவ்வோர் இரவும் தானியங்கி அப்டேட் அந்தக் கார்டில் எழுத முயன்று தோற்றிருக்கிறது. ஓடும்போது கார்டு தேவையே இல்லாததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அது இறந்த சேதியை மின்வெட்டு வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. 500 ஜிபி டிஸ்கில் ஒரு கீறல் இல்லை, எல்லாம் பத்திரம், எழுப்பத்தான் ஆள் இல்லை. யுஎஸ்பியிலிருந்தே ஓடும் லினக்ஸில் ஏறி, புதுக் கார்டில் கெர்னலும் க்ரப்பும் போட்டு எழுப்ப இரண்டரை மணி நேரம். அதில் பாதி, ஒவ்வொரு ரீபூட்டுக்கும் இந்தச் சர்வர் இரண்டு நிமிடம் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதைப் பார்த்துக் கொண்டிருந்தது. எந்த எஸ்எஸ்டி போட்டாலும் அந்த இரண்டு நிமிடம் குறையாது.

2013 பெட்டியைப் பிந்தி வந்த டிஸ்குக்காகத் திட்டுவது நியாயமில்லைதான். தெரிந்தும் திட்டினேன், சத்தமாக.

ஆகவே தம்பி, போடாதீங்க. பழைய சாட்டா இணைப்பில் போடும் சாதாரண எஸ்எஸ்டியை முதல் டிஸ்க் ஸ்லாட்டில் செருகுங்கள். பயாஸ் பார்க்கும், கார்டு வேண்டாம், அம்மா படம் பார்க்க அதுவே தாராளம். ஒரு டிஸ்க் இடம் போகும், போகட்டும். இல்லையென்றால் அந்தக் காசோடு கொஞ்சம் போட்டு ஒரு மினி பிசி வாங்குங்கள்.

"அப்ப நீங்களும் மாத்தப் போறீங்களா?" என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை. நேற்று அதே கார்டில் இன்னும் இரண்டு வாங்கி, குளோன் செய்து, செல்லோடேப் போட்டுப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.