சீரியல் போர்ட் வேலைக்கு டாஸ்பாக்ஸ்: ஒரு மதிப்பீடு

64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்களை இயக்கும் பகுதியே இல்லாததால், சீரியல் கேபிள் வழியாகக் கருவிகளோடு தொடர்புகொள்ளும் பழைய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) மென்பொருள்கள் அதில் திறப்பதில்லை. அவற்றுக்காக நான் நம்பிப் பயன்படுத்துவது, இன்றைய கணினிக்குள் ஒரு பழைய டாஸ் கணினியைப் போலச் செயல்படும், இலவசமாகக் கிடைக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள். அத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் 3எஃப்8 என்ற முகவரியில் உள்ள சீரியல் சிப்பிடம் நேரடியாகவே தகவலை எழுதும். டாஸ்பாக்ஸ் அந்தச் சிப்பைப் போலவே நடந்துகொண்டு, வந்த எழுத்துகளைக் கணினியின் உண்மையான போர்ட்டுக்குக் கடத்திவிடுகிறது. அமைப்புக் கோப்பின் சீரியல்1 வரியில் டைரக்ட்சீரியல் என்பதையும், சீரியல் கேபிளை யூஎஸ்பியில் இணைக்கும் மாற்றிக்கு விண்டோஸ் கொடுத்த காம் (போர்ட்) எண்ணையும் எழுதினால் போதும். 9600 பாட் வேகத்தில் என் பழைய எடைக்கருவி பிழையின்றி அளவுகளை அனுப்பியபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஆனால், ஆர்டிஎஸ் என்ற சீரியல் கேபிளின் கட்டுப்பாட்டுச் சமிக்ஞையை மில்லிநொடித் துல்லியத்தில் மாற்ற வேண்டிய நிரல்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றுக்கு டாஸ் நிறுவிய பழைய கணினியே பாதுகாப்பானது.