ஈரானின் ஐந்து இடமா, பாகிஸ்தானின் பத்து இடமா?

சிறுபான்மையினருக்கு நாடாளுமன்றத்தில் இடம் ஒதுக்குவதில் இந்த இரண்டு இஸ்லாமியக் குடியரசுகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

ஈரானில் 290 இடங்களில் 5. யாருக்கு எத்தனை என்பதை அரசியலமைப்பின் 64ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது: ஜொராஸ்ட்ரியருக்கு (பார்சிகளின் மதத்தவர்) ஒன்று, யூதருக்கு ஒன்று, அசிரிய, கல்தேயக் கிறிஸ்தவருக்குச் சேர்த்து ஒன்று, ஆர்மேனியருக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. அந்தந்தச் சமூகத்தார் மட்டுமே வாக்களிப்பார்கள். வேட்பாளர்களைக் காவலர் மன்றம் (மதகுருக்களும் சட்ட நிபுணர்களும் கொண்ட அமைப்பு) முன்கூட்டியே வடிகட்டினாலும், ஜெயித்தவர் தம் மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் மற்ற 285 பேருக்கும் இவர்கள் வாக்கு தேவையே இல்லை.

பாகிஸ்தானிலும் 1985 முதல் இதே தனி வாக்காளர் முறைதான் இருந்தது, 2002இல் எடுத்துவிட்டார்கள். இப்போது இந்துவும் கிறிஸ்தவரும் பொதுத் தொகுதியில் வாக்களிக்கிறார்கள். அதன் பலன் சிந்து மாகாணத்தின் தார்பார்க்கரில் தெரிந்தது: 2018இல் இந்துவான மகேஷ் மலானி பொதுத் தொகுதியிலேயே வென்றார். கோளாறு ஒதுக்கீட்டில் இருக்கிறது. 336இல் 10 இடங்கள், கட்சிகள் வென்ற பொதுத் தொகுதிகளின் விகிதப்படி பிரியும். ஆட்கள் கட்சிப் பட்டியலிலிருந்து வருவார்கள். வரிசையை முடிவு செய்வது தலைமை. அந்தப் பத்துப் பேரில் ஒருவரைக்கூடச் சிறுபான்மை வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வாக்குக்குப் பாகிஸ்தான் முறை மேல், உறுப்பினருக்கு ஈரான் முறை மேல் என்பேன்.

குடும்பச் சட்டத்துக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. ஈரானில் அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு ஏற்ற மதத்தினருக்குத் திருமணமும் வாரிசுரிமையும் அவரவர் மதமுறைப்படி. ஆனால் சிவில் சட்டத்தில் ஒரு கண்ணி உண்டு: இறந்த முஸ்லிம் அல்லாதவரின் வாரிசுகளில் ஒருவர் முஸ்லிமானால் சொத்து முழுவதும் அவருக்கே. தம்பி மதம் மாறினால் அண்ணனுக்கு ஒன்றுமில்லை. பாகிஸ்தானிலோ இந்துத் திருமணத்தைப் பதிவு செய்யச் சட்டமே சிந்து மாகாணத்தில் 2016இலும், மத்திய அளவில் 2017இலும்தான் வந்தது. அதுவரை கணவன் மனைவி என்று நிரூபிப்பதே தனிப் போராட்டம்.

இரண்டு முறையிலும் சிக்குபவர்கள், சட்டம் ஏற்காத பெயரைச் சொல்லிக்கொள்பவர்கள். பஹாய் மதத்தினர் ஈரானின் 13ஆவது பிரிவிலேயே இல்லை. அந்த ஐந்து இடத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. பாகிஸ்தான் 1974இல், தம்மை முஸ்லிம்களாகவே கருதும் அஹ்மதிகளை முஸ்லிம் அல்லாதோர் என அறிவித்தது. தம்மை முஸ்லிம் என்று சொன்னால் தண்டனைச் சட்டத்தின் 298-சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. 2002இல் வந்த பொது வாக்காளர் முறையிலும் இவர்களுக்கு மட்டும் தனி வாக்காளர் பட்டியல். அதில் வாக்களித்தால் அந்த அறிவிப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர்கள் தேர்தலையே புறக்கணிக்கிறார்கள்.