இறுக்குவதா, தளர்த்துவதா? பருவகால நெருக்கடியும் இடுப்புத் தளத் தசைகளும்

இருமினாலோ தும்மினாலோ குடத்தைத் தூக்கினாலோ ஓரிரு சொட்டுச் சிறுநீர் கசிகிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் பெண்ணுக்குச் சென்னையில் வழக்கமாகக் கிடைக்கும் யோசனைகள் நான்கு: தண்ணீரைக் குறைத்துக்கொள், நாப்கின் வைத்துக்கொள், இடுப்புத் தளத் தசைகளை இறுக்கும் கீகல் பயிற்சி செய், மூச்சைச் சீராக்கி உடலைத் தளர்த்து. இவற்றுள் எது மேல் என்பதற்கு ஆண்டு முழுவதற்கும் பொருந்தும் விடை கிடையாது. கத்திரி வெயிலில் உடல் படும் பாடு வேறு, ஐப்பசி மழையில் படும் பாடு வேறு. மார்ச் மாதப் பொதுத்தேர்வின்போது பிள்ளையோடு கண்விழிக்கும் தாயின் பதற்றம் இன்னொரு வகை.

இடுப்பெலும்பின் முன்புறத்திலிருந்து வால் எலும்பு வரை தூளியைப் போல் விரிந்திருக்கும் இடுப்புத் தளத் தசைகள் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்குகின்றன. மூச்சை உள்ளிழுக்கையில் உதரவிதானம் கீழிறங்க, இவையும் சற்றே இறங்கி, மூச்சு வெளியேறுகையில் மேலேறுகின்றன. மனம் பதறும்போது மூச்சு மேல்மார்போடு நின்றுவிடுவதால் இந்த ஏற்ற இறக்கம் குறைந்து, தசைகள் இறுகியே கிடக்கின்றன. 2001-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், அச்சமூட்டும் திரைக்காட்சிகளைப் பார்த்த பெண்களுக்குத் தோள்பட்டைத் தசையும் இடுப்புத் தளத் தசைகளும் ஒருசேர இறுகியது பதிவாயிற்று. ஓய்வின்றி இறுகிக் கிடக்கும் தசை களைத்துவிடும். களைத்த தசையால் தும்மல் வரும் நொடியில் வேகமாகச் சுருங்க முடியாது. ஆகவே கசிவு என்றாலே தசை தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவது சரியாகாது.

நான்கு வழிகளில் மிகப் பரவலானது தண்ணீரைக் குறைப்பது. என் மதிப்பீட்டில் மிக மோசமானதும் அதுவே. தீபாவளிக்குத் துணி எடுக்க ரங்கநாதன் தெருவுக்குப் புறப்படுபவரும், கழிப்பறையே இல்லாத புறநகர் மின்ரயிலில் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை தினமும் நின்றபடி போகிறவரும் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடாமல் இருக்கிறார்கள் என்றால், வழியில் நம்பி நுழையக்கூடிய கழிப்பறை அரிதாக இருப்பதுதான் காரணம். அந்தக் குறை நகரத்துடையது. ஆனால் விலை கொடுப்பது அவர்கள் உடல். நீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டுகிறது, தொற்றுக்கு இடமளிக்கிறது, மலத்தையும் இறுக்குகிறது. முக்கி முக்கி மலம் கழிப்பது இடுப்புத் தளத்தை நாள்தோறும் கீழ்நோக்கித் தள்ளுகிறது. கத்திரி நாட்களில் வியர்வையாகவே ஏராளமான நீர் வெளியேறுவதால் இந்தத் தீங்கு இரட்டிப்பாகும். இதற்கு நேர்மாறான பழக்கமும் நல்லதல்ல: எதற்கும் ஒருமுறை போய்விட்டு வந்துவிடலாம் என்று உணர்வு வரும் முன்பே அடிக்கடி கழித்தால், சிறிதளவு நிறைந்தாலே பை அவசரப்படுத்தப் பழகிவிடும். அதைத் திருத்த, இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிக் குறைந்தது 6 வாரமாவது பழக்க வேண்டியிருக்கும்.

நாப்கினைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெளியில் போகும் துணிவைத் தருகிறது, எதையும் குணப்படுத்துவதில்லை. மாதவிடாய்க்கானதைவிடச் சிறுநீருக்கென்றே செய்யப்பட்டது ஈரத்தை நன்கு உறிஞ்சும். ஈரத்தோடு நெடுநேரம் இருந்தால் நம் புழுக்கத்தில் தோல் புண்ணாகும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இல் எழுதி அறிமுகப்படுத்திய இறுக்கும் பயிற்சிக்கு, இருமல் தும்மலில் வரும் கசிவைப் பொறுத்தவரை, வேறெந்த வீட்டுப் பயிற்சியையும்விட வலுவான சான்று இருக்கிறது. ஒரு வேளைக்குக் குறைந்தது 8 சுருக்கம், நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் என்பது சிகிச்சை நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு தரும் வழிகாட்டுதல். யோகா வகுப்புகளில் கற்றுத்தரப்படும் மூலபந்தமும் ஏறக்குறைய இதே தசைகளைத்தான் இறுக்குகிறது. சளியும் இருமலும் விடாத அடைமழைக் காலத்தில் இதைச் சார்ந்த ஓர் உத்தி பெரிதும் கைகொடுக்கும்: இருமல் வருகிறது என்று உணர்ந்த நொடியிலேயே தசையைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, பிறகு இருமுவது. 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஒரு வாரப் பழக்கத்திலேயே இதனால் கசிவு குறைந்தது. ஆனால் சொல்லக் கேட்டு மட்டும் செய்பவர்கள் பிட்டத்தையோ தொடையையோ இறுக்கி, மூச்சையும் பிடித்து, சில வேளைகளில் கீழ்நோக்கித் தள்ளியும் விடுகிறார்கள். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைத் தினசரிப் பயிற்சியாக்குவதும் கூடாது.

தளர்த்தும் வழிக்குக் கசிவைத் தடுப்பதில் அவ்வளவு சான்று இல்லை. எனினும் சிறுநீர் தொடங்கத் தாமதமாவது, முழுதும் போகாத உணர்வு, வால் எலும்பருகே வலி, தாம்பத்திய உறவில் வலி ஆகியவை இருப்பவருக்கு இறுக்கும் பயிற்சி நிலைமையை மோசமாக்கக்கூடும் என்பதால், இதுவே முதற்படி. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, வயிற்றின் மேல் கை வைத்து, கை எழும்படி மெல்ல மூச்சிழுத்து அதைவிட மெதுவாக விட வேண்டும். தேர்வுக்கால இரவுகளுக்கு இதைவிட ஏற்றது எனக்குத் தெரியவில்லை. குந்தி அமரும் கழிப்பறையும் மலக்குடலைச் சுற்றியுள்ள தசையைத் தளரச் செய்கிறது. அடுக்குமாடி வீடுகளில் அது வழக்கொழிந்துவிட்டதால் காலடியில் சிறு முக்காலி போட்டுக்கொள்ளலாம்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்து ஆண்டு முழுவதும் பிடித்துக்கொள்வதைவிட, காலத்துக்கேற்ப மாற்றுவதையே நான் விரும்புகிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பரணிலிருந்து பாத்திரம் இறக்குகையில் மூச்சைப் பிடிக்காமல், தூக்கும் தருணத்தில் வெளிவிட்டபடி இறுக்க வேண்டும். மார்கழியில் குளிர் பெரிதில்லை என்றாலும் வியர்வை குறைவதால், மே மாதத்தில் குடித்த அதே அளவு நீர் இப்போது சிறுநீராக வருகிறது. அதன்மேல் சபா கேன்டீன் காபி சேர்ந்தால் இரண்டாவது கச்சேரி பாதியில் எழுந்துபோக வேண்டிவரும். அந்த நாட்களில் குறைக்க வேண்டியது காபியைத்தான்.

தமக்கு இறுக்கமா தளர்ச்சியா என்பதைத் தாமே கணிப்பது கடினம். இடுப்புத் தளப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பரிசோதித்தால் மூன்று மாத உழைப்பு தவறான திசையில் போகாது. தனியாரிடம் செலவாகும் என்று தயங்குபவர்கள் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் தொடங்கலாம். கட்டணம் இல்லை, காத்திருக்க நேரம் வேண்டும். சிறுநீரில் இரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், கீழே ஏதோ இறங்குவது போன்ற உணர்வு ஆகியவை இருந்தால் பயிற்சிகளை ஒதுக்கிவிட்டு உடனே போக வேண்டும். மற்றவர்கள் வேலை நாளும் விடுமுறையும் கலந்த 3 நாட்களுக்கு எப்போது என்ன குடித்தார்கள், எப்போது கழித்தார்கள், எப்போது கசிந்தது என்று ஒரு தாளில் குறித்து எடுத்துச் சென்றால் மருத்துவரின் பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கும்.